தகரத்துக்கு இந்தப் பக்கம்

2020 கோடையில் எங்கள் லைனில் யாருக்காவது உடம்பு கதகதவென்று இருந்தால் வெளியே சொல்ல மாட்டார்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள், ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டேன் என்பார்கள், ஒன்றும் தோன்றாவிட்டால் பல்வலி என்பார்கள். காய்ச்சல் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை ஏப்ரல் மாதத்திலேயே எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டோம். முதலில் மாநகராட்சி வண்டி வரும். அதிலிருந்து சவுக்குக் கட்டைகள் இறங்கும். பின்னாலேயே தெருவை அடைக்கத் தகரம்.

கொரோனா ஊரடங்கைப் பற்றி நிறைய பேர் எழுதியாகிவிட்டது. பால்கனியில் நின்று கைதட்டியது, மொட்டைமாடியில் நடந்தது, வீட்டிலிருந்தே வேலை பார்த்தது எல்லாம் படித்தாயிற்று. எங்களுக்குப் பால்கனியும் கிடையாது, வீட்டிலிருந்து பார்க்கிற வேலையும் கிடையாது. சென்னை தண்டையார்பேட்டையில் லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு அந்த மாதங்கள் வேறு மாதிரி போயின. கிருமிக்குப் பயந்தோம்தான். அதைவிடப் பெரிய பயம், நமக்கு வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் என்ன செய்வது என்பது. அந்தப் பயத்தால் ஒரு உயிர் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு குடித்தனம், வாசல் பக்கம் ஒரு அடிபம்பு, கோடியில் இரண்டு கழிப்பறை. ஒரு போர்ஷன் என்றால் ஒரே அறை, அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. நாங்கள் நாலு பேர், அப்பா, அம்மா, நான், தம்பி. நடையில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். யாருக்கு போன் அடித்தாலும் முதலில் ஒரு இருமல், அப்புறம் இடைவெளி விடச் சொல்லி ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவுக்கு அழுகையே வரும், எங்கே விடுவது என்பாள். விடியற்காலையில் பம்பில் தண்ணீர் வரும், எட்டு வீட்டுக் குடமும் அங்கேதான், எட்டு வீட்டுக் கையும் அந்த ஒரே கைப்பிடியில்தான். யாரோ ஒரு பழைய சாக்ஸில் லைஃப்பாய் சோப்பைப் போட்டு முடிச்சுப் போட்டு பம்புக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை, அடித்தபின் ஒருமுறை அந்த ஈரச் சாக்ஸைப் பிடித்துத் தேய்த்துக்கொள்வோம். எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டார்கள், அன்று ராத்திரியே பிரதமர் டிவியில் வந்து 21 நாள் என்றார். அந்த 21 நாள் மே 3 ஆயிற்று, மே 17 ஆயிற்று, மே 31 ஆயிற்று. வெளியூரில் மே கடைசியில் ஆட்டோவை விட்டபோதும் சென்னையில் விடவில்லை, ஜூன் 1 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வண்டித் தவணையை மூன்று மாதம் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, அதை மறுபடி ஆகஸ்ட் வரை நீட்டவும் செய்தது, ஆனால் வட்டி நிற்காது என்று ஃபைனான்ஸ்காரர் வாரம் தவறாமல் போன் செய்து நினைவுபடுத்துவார். நான் கணக்கு எழுதும் கடையில் ஏப்ரலில் பாதிச் சம்பளம், மே மாதம் அதுவும் இல்லை. ரேஷனில் கொடுத்த ஆயிரம் ரூபாயும் அரிசியும் பருப்பும்தான் எங்களைப் போன்றவர்களை நிற்க வைத்தது. அம்மா உணவகத்தில் சாப்பாடு கிடைத்தது. அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

சரி, தகரத்துக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தாலே தெருவையே அடைத்தார்கள். பக்கத்துத் தெருவில் அப்படித்தான் நடந்தது. ஆள் உயரத்துக்கு மேலே தகரம், இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையில் கம்பியால் முறுக்கிக் கட்டி, கீழே ஒரு முழம் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகப் பால் பாக்கெட் போகும், காய்கறிப் பை போகும். முதுகில் டின்னை மாட்டிக்கொண்டு ஒருவர் மருந்து அடிப்பார், பிளீச்சிங் பவுடர் வாசனை எங்கள் நடை வரைக்கும் வரும். ஆம்புலன்ஸ் வந்தபோது அந்த வீட்டுப் பையன், காலேஜ் படிக்கிறவன், தலையைக் குனிந்துகொண்டு ஏறினான். இரண்டு பக்க மாடியிலிருந்தும் செல்போனில் எடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரியே அந்த வீடியோ எங்கள் ஏரியா வாட்ஸ்அப்பில் சுற்றியது, கீழே அவன் அப்பா என்ன வேலை செய்கிறார், எந்தக் கடையில் சாமான் வாங்குவார் என்பது வரைக்கும் எழுதியிருந்தார்கள். அந்தப் பையன் தேறி வந்துவிட்டான். ஆனால் வந்தபிறகு அந்தக் குடும்பம் அங்கே இருக்கவில்லை, வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அதே சமயத்தில் டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள் என்று தினமும் செய்தியில் தனியாகக் கணக்குச் சொன்னார்கள். எங்கள் தெருமுனை பாய் கடைக்கு, இருபது வருடமாகக் கடன் சொல்லிச் சாமான் வாங்கினவர்களே போவதை நிறுத்தினார்கள். பாய் டெல்லிக்குப் போகவில்லை, அவர் கடையை விட்டு எங்குமே போகிறவர் இல்லை. அம்மா மட்டும் போவாள். அந்த ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சவில்லை. வருடா வருடம் எங்கள் வீட்டுத் தூக்குச்சட்டிக்கு ஒரு கரண்டி வரும், அந்த வருடம் இல்லை.

ஏப்ரல் 19 ராத்திரி இன்னொன்று நடந்தது. கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவரை அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது, அண்ணா நகர் வேலங்காடு இடுகாட்டில் கூட்டம் கூடி ஆம்புலன்ஸை அடித்து உடைத்தார்கள். கூட இருந்த இன்னொரு டாக்டர்தான் நள்ளிரவில் தன் கையாலேயே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். அடக்கத்தைத் தடுத்தால் சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது அதற்கப்புறம்தான். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு எதிர் போர்ஷன் அக்கா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "டாக்டருக்கே இந்த கதின்னா நமக்கெல்லாம் என்னம்மா பண்ணுவாங்க?" பதில் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை.

மே 5 அன்று கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கியவர்கள், லாரியில் வந்தவர்கள் வழியாகக் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று பரவிவிட்டது. மார்க்கெட் திருமழிசைக்குப் போயிற்று. எங்கள் லைனிலேயே ஒரு அண்ணன் கோயம்பேட்டில் லோடு இறக்குகிறவர். மூடிய அன்றிலிருந்து அவர் பீச் ஸ்டேஷன் பக்கம் வேலைக்குப் போனதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணிக்கை வரும். முதலில் சுகாதாரத்துறைச் செயலர் பீலா ராஜேஷ் வந்து சொல்வார், ஜூன் நடுவில் அவர் இடத்துக்கு ராதாகிருஷ்ணன் வந்தார். அப்பா அந்த நேரத்துக்குச் சரியாக டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். மாவட்டம் முடிந்து மண்டலம் வாரியாகக் கணக்கு வரும்போது ராயபுரம், திரு.வி.க. நகர், கோடம்பாக்கம், தண்டையார்பேட்டை என்று எங்கள் பெயர் எப்போதும் மேலேயே இருக்கும். ஜூன் 30 அன்று சென்னையில் மட்டும் ஒரே நாளில் 2,393. ஆறு மணிச் செய்தி முடிந்தபிறகு லைனில் ஒரு அரை மணி நேரம் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். அப்புறம் மெதுவாக யார் வீட்டிலிருந்தாவது தாளிக்கிற சத்தம் வரும்.

காய்ச்சல் கணக்கெடுக்க ஒரு பெண் தினமும் வருவாள். மாநகராட்சி ஊர் முழுக்க அப்படிப் பத்தாயிரம் பேருக்கு மேல் போட்டிருந்தது. இவள் பக்கத்தில் கொருக்குப்பேட்டைப் பெண், துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், எம்.சி. ரோடு மூடியதும் வேலை போய் இதற்கு வந்தாள். நெற்றிக்கு நேராகக் காட்டுகிற தெர்மாமீட்டர், ஒரு நோட்டு, தலையில் தொப்பி. வாசலில் நின்று சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, இருமல் சளி யாருக்காவது இருக்கா என்று கேட்பாள். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று எட்டு வீட்டிலும் சொல்வார்கள், எழுதிக்கொண்டு போவாள். சிலர் அவளைப் பார்த்தாலே கதவைச் சாத்துவார்கள். ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு இல்லை என்றார்கள். அந்த வெயிலில், முகக்கவசத்துக்குள் உதடு காய்ந்துபோய். அம்மா ஒரு வாட்டர் பாட்டிலை நடையிலேயே வைத்துவிடுவாள், அவள் எடுத்துக்கொள்வாள்.

அவளுக்கு உண்மை தெரியும். எங்களுக்கும் தெரியும். எதிர் போர்ஷனில் ஜூன் முதல் வாரத்திலிருந்து ராத்திரியில் டிவி சத்தம் அதிகமாயிற்று. பதினோரு மணிக்கு மேல், ஏதோ பழைய காமெடி சீன், வால்யூம் முழுக்க. வழக்கமாக ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிடுகிற வீடு. நடுவில் ஒரு விளம்பரத்துக்கும் அடுத்த விளம்பரத்துக்கும் இடையில் சத்தம் அடங்குகிற ஒரு நொடியில், தலையணைக்குள் அமுக்கின இருமல் கேட்கும். அக்கா வீட்டுக்காரருக்கு இருமல். லைனில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருவரும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. மெடிக்கலில் டோலோ கேட்டால் பேரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டுதான் கொடுப்பார்கள் என்பதால் அக்கா யாரையோ அனுப்பி ராயபுரத்திலிருந்து வாங்கி வரச் சொன்னாள். கபசுரக் குடிநீர் காய்ச்சுகிற வாசனை எல்லா வீட்டிலும் வந்துகொண்டிருந்ததால் அவர்கள் வீட்டில் வந்தது தனியாகத் தெரியவில்லை. அவர் எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பெரியவர் அப்படிப் பிழைக்கவில்லை.

ஜூன் 19 முதல் மறுபடியும் முழு ஊரடங்கு. கடை மதியம் இரண்டு மணி வரை, ஆட்டோ அவசர மருத்துவத்துக்கு மட்டும். அதற்கு முன்னாலேயே இ-பாஸ் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் மூட்டை முடிச்சோடு பரனூர் டோல்கேட் வழியாக ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். எங்களுக்குச் சொந்த ஊர் என்பதே இதுதான். அந்த வாரத்தில் ஒருநாள் நடுராத்திரி தாண்டிக் கதவைத் தட்டினார்கள். அந்தப் பெரியவரின் மகன். அப்பாவுக்கு வயிற்றுவலி தாங்க முடியவில்லை, ஆட்டோ வேண்டும் அண்ணே என்றார். 108-க்குச் சொல்லவில்லையா என்று அம்மா உள்ளிருந்தே கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வயிற்றுவலி இல்லை என்பது அப்பாவுக்கு ஆட்டோவில் ஏற்றும்போதே தெரிந்துவிட்டதாம். பெரியவர் வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கிறார், பேச்சு வரவில்லை. ஆறேழு நாளாகக் காய்ச்சல், இரண்டு நாளாக மூச்சுத் திணறல். அதை அந்த வீட்டு அம்மா வழியில்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும், தகரம் அடித்துவிடுவார்கள், மகளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது என்று தள்ளிப்போட்டிருக்கிறார்கள். செக்போஸ்டில் நிறுத்தின போலீஸ்காரர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி வாசல் தெரிகிற தூரத்தில் பெரியவருக்கு உயிர் போய்விட்டது. அந்த மகன் என் அப்பாவின் தோளைப் பிடித்து, அண்ணே வண்டியைத் திருப்பிடுங்க என்றிருக்கிறார். உள்ளே கொண்டுபோனால் உடம்பைக் கொடுக்க மாட்டார்கள், பார்க்க விடமாட்டார்கள், பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோய்விடுவார்கள் என்று. அப்பா திருப்பிக்கொண்டு வந்தார். அந்த அம்மா வழி முழுக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வந்தார்களாம், தெருவுக்குள் நுழையும்போது அழுகைச் சத்தம் கேட்கக் கூடாதென்று. காலையில் மாரடைப்பு என்று ஒரு சீட்டு வாங்கி, மதியத்துக்குள் மூலக்கொத்தளம் மயானத்தில் முடித்துவிட்டார்கள்.

அப்பா ஆட்டோவை டெட்டால் விட்டுக் கழுவினார், அப்படியே நடையில் நின்று குளித்தார். நான்கைந்து நாளில் அவருக்குக் காய்ச்சல்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. அம்மா சொல்ல வேண்டாம் என்றாள். "பதினெட்டு வருஷமா இருக்கோம், வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிட்டா இந்த நேரத்துல எவன் வீடு குடுப்பான்?" அவள் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. வசதி உள்ளவர்களுக்குத் தனி அறையும் தனிக் கழிப்பறையும் இருந்தால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று விதி. எங்களுக்கு அது கிடையாது, தெரிந்தால் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அப்பாதான் பேச்சை முடித்தார். அந்தப் பெரியவர் மூச்சுக்கு ஆலாய்ப் பறந்ததைத் தான் பக்கத்தில் இருந்து பார்த்ததாகச் சொன்னார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் அந்தக் கணக்கெடுக்கிற பெண் வந்தபோது அவள் கேட்பதற்கு முன்னாலேயே அப்பா வாசலுக்குப் போய், "எனக்கு ஜுரம்மா, எழுதிக்கோ" என்றார். சத்தமாக. எட்டு வீட்டுக்கும் கேட்டது.

தெருமுனையில் காய்ச்சல் முகாமில் சளி எடுத்தார்கள், இரண்டு நாளில் பாசிட்டிவ் என்று போன் வந்தது, வேன் வந்தது. மாடியிலிருந்து படம் எடுத்தார்கள்தான். அப்பா நிமிர்ந்து பார்த்துக் கையைக் காட்டிவிட்டு ஏறினார். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, நுரையீரலில் பெரிதாக ஒன்றும் இல்லையென்று ஒரு காலேஜில் போட்டிருந்த முகாமில் படுக்கை கொடுத்தார்கள். எங்கள் லைன் வாசலில் தகரம் ஏறியது, கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வீட்டுக்காரம்மா போனில் கத்தினார். காலி பண்ணு என்று மட்டும் சொல்லவில்லை.

லைனில் மறுநாளே பஞ்சாயத்து. எங்களுக்கு மட்டும் ஒரு கழிப்பறை என்று ஒதுக்கினார்கள். அதாவது மீதி ஏழு குடித்தனத்துக்கும் ஒன்றுதான். காலையில் அந்த ஒன்றுக்கு நிற்கிற வரிசையையும், வரிசையில் நின்றவர்கள் எங்கள் கதவைப் பார்த்த பார்வையையும் இன்றும் மறக்க முடியவில்லை, ஆனால் அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதும் எனக்குத் தெரியும். பம்புக்குப் போகக் கூடாது என்றார்கள். எதிர் போர்ஷன் அக்கா, ராத்திரி டிவி வைத்த அதே அக்கா, தினமும் எங்கள் குடங்களையும் சேர்த்து அடித்து வாசலில் வைத்தாள். பாய் தகரத்துக்கு அடியிலிருந்த இடைவெளியில் அரிசிப் பையைத் தள்ளிவிட்டு, "கணக்குல எழுதிக்கிறேன், மெதுவா குடு பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பத்து நாள் கழித்து அப்பா இளைத்துப்போய், ஆனால் தெம்பாகத் திரும்பி வந்தார். அதற்கப்புறம்தான் ஒரு மாற்றம். அந்த வாரமே எங்கள் லைனில் இரண்டு வீட்டில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் காய்ச்சல் என்று உண்மையைச் சொன்னார்கள். போன ஆள் திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டார்கள் அல்லவா. அரசாங்கம் ஆயிரம் போஸ்டர் ஒட்டியும் நடக்காதது அது. தகரம் அடிப்பதற்குப் பதிலாக, தேறி வந்த ஒவ்வொருவரையும் தெருவில் நடத்திக் கூட்டிவந்திருந்தால் எத்தனை வீடு வாயைத் திறந்திருக்கும் என்று அப்போதே தோன்றியது.

ஜூலை 22 அன்று, சென்னையில் முன்பு விட்டுப்போன 444 மரணங்களை அரசு கணக்கில் சேர்த்தது. ஆறு மணிக்கு நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட எண்ணிக்கையிலேயே அவ்வளவு பேர் இல்லாமல் இருந்திருக்கிறார்கள். அதே ஜூலையில் ஊர் முழுக்க 12,000 பேருக்கு மேல் ரத்தம் எடுத்து, யாருக்கெல்லாம் கிருமி வந்து போயிருக்கிறது என்று பார்த்தார்கள். சென்னையில் 21.5 சதவீதம், ஐந்தில் ஒருவர். தண்டையார்பேட்டை மண்டலத்தில் 44.2 சதவீதம். செப்டம்பரில் இந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கிட்டத்தட்ட பாதிப் பேர். பாய் கடையை ஒதுக்கியவர்களில், மாடியிலிருந்து படம் எடுத்தவர்களில், தண்ணீர் இல்லை என்றவர்களில் பாதிப் பேர். வந்ததே தெரியாமல் வந்து போனவர்களும், தெரிந்து மறைத்தவர்களும் சேர்ந்துதான் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம்.

அடுத்த வருடம் மே மாதம் இரண்டாவது அலையில் தம்பிக்கு வந்தது. அப்போது தகரம் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. அம்மா விடிந்ததும் பம்படியிலேயே சொல்லிவிட்டாள். எட்டு வீடும் காசு போட்டு வாங்கின பல்ஸ் ஆக்சிமீட்டர் கதவுக்கு வந்தது, எதிர் வீட்டு அக்கா மூன்று வேளையும் வந்து கதவுக்கு வெளியே நின்று "எவ்ளோ காட்டுது?" என்று கேட்டுக் காலண்டரில் குறித்து வைத்தாள்.

அந்தப் பெரியவரின் குடும்பம் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறது. மகளுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, அப்பாவுக்கும் பத்திரிகை வைத்தார்கள். 2021 கடைசியில் கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு ஐம்பதாயிரம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அப்பா அவர்கள் வீட்டுக்குப் போனார். மனு போடுங்க, எங்கே வேணும்னாலும் வந்து நான் சொல்றேன் என்றார். அவர்களிடம் ஒரு பரிசோதனைச் சீட்டுகூட இல்லை, இருப்பது மாரடைப்பு என்று எழுதின தாள் மட்டும். அந்த அம்மா, வேண்டாம் அண்ணே, சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா திரும்பி வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். முன்னாலேயே சொல்லியிருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பாய் என்று நான் கேட்டேன். "அப்பவும் நான்தான் இட்டுகினு போயிருப்பேன். ரெண்டு நாள் முன்னாடியே போயிருப்பேன்" என்றார்.